சாமிக்கோழி இட்ட கடல்

இருளாயி மதினியோட சாமிக்கோழி முட்டை போடுறதை நிறுத்தி, கொண்டை சுருங்கி வெளுத்து, காலு ரெண்டும் செதில் செதிலாத் தடிச்சு, வாலு மயிரெல்லாம் உதிர்ந்து, அதுகூடப் பொரிஞ்ச கோழிக எல்லாம் எப்பவோ கொழம்பாகிப் போன பெறகு, ஊரே அதை ஒரு கோழின்னு நெனைக்கிறதை விட்டுட்ட ஒரு வைகாசி மாசக் காலையில, அது கொல்லையில கெடந்த பழைய கூடைக்குள்ள தட்டுத் தடுமாறி ஏறி உக்காந்து, கொமரிக் கோழி கணக்கா ஊரு அதிரக் கொக்கரிச்சு, ஒரு முட்டை போட்டுச்சு. அந்த முட்டைக்குள்ள கடல் இருந்துச்சு.

நான் வள்ளிமயிலு. இருளாயி மதினி வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு முள்ளுவேலிதான். எனக்கு வாயி கொஞ்சம் நீளம்னு செங்கண்ணேந்தல்ல சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போறாங்க, வாயில்லாதவ இதையெல்லாம் எப்படிச் சொல்லுவா. எங்க ஊரு மழையைப் பாத்துக்கிட்டே கெடக்குற ஊரு. கண்மாய்ல தண்ணி நிக்கிறதை விடக் கருவேல முள்ளு நிக்கிறதுதான் சாஸ்தி. அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பாதி ஊரு சோறு திங்குது. கடலுங்கிறது கெழக்க ரொம்பத் தூரத்துல, ஆடி அமாவாசைக்கு வேன் பிடிச்சுப் போயி, முழுகி எந்திரிச்சு, செத்தவங்களுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வர்ற எடம். அம்புட்டுத்தான் எங்களுக்கும் கடலுக்கும் உள்ள பேச்சு வார்த்தை.

அப்படிப்பட்ட ஊர்ல பெறந்த இருளாயி மதினி மகன் பூமிநாதன், கண்மாய்ல நீந்தக்கூடத் தண்ணி பத்தாம வளந்த பய, புருசன் இல்லாம ஒத்தையில கரிமூட்டத்துல வெந்து தன்னை வளத்த ஆத்தாளை ஒரு நாளாவது குந்தவச்சுச் சோறு போடணும்னு, யாரோ ஒரு ஏஜெண்டு பேச்சைக் கேட்டு அரபு நாட்டுக்கு மீன் பிடிக்கிற போட்டுல வேலைக்குப் போனான். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போன் பண்ணுவான். "ஆத்தா, இங்கிட்டுத் திரும்புனாலும் தண்ணி, அங்கிட்டுத் திரும்புனாலும் தண்ணி, நம்மூருக்கு ஒரு வாய்க்கா வெட்டிவிட்டா எப்படி இருக்கும்"னு சிரிப்பான். அப்புறம் ஒரு வெள்ளிக்கெழமை போன் வரல. அடுத்ததுக்கும் வரல. அவன்கூட வேலை பாத்த ஒரு பையன் வேற போட்டுல இருந்து பேசினான், காத்து மோசமா இருந்துச்சு, போனவங்க திரும்பலன்னான். ஆபீசு ஆபீசா ஏறி எறங்கினோம். உடம்பு கெடைச்சாத்தான் செத்ததாச் சொல்ல முடியும், அதுவரைக்கும் காணாமப் போனவருதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

காணாமப் போனவன்னா தேடணும்ல. யாரு தேடுறது? மதினி கருப்பரைத் தேடச் சொன்னா.

எங்க கண்மாய்க்கரைக் கருப்பர் சேவல் வாங்குற சாமி. மதினி வீட்ல அன்னைக்குச் சேவல் இல்ல, அப்பத்தான் பொரிஞ்சு எறங்கின குஞ்சுகதான் இருந்துச்சு. அதுல ஒண்ணு கரிக்கலர்ல, கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்னு, மத்ததையெல்லாம் கொத்தி வெரட்டிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. இது சேவல்தான்னு மதினி முடிவு கட்டிட்டா. "பொறு மதினி, கொண்டை வரட்டும், பாத்து நேந்துக்க"ன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மகனைக் காணாதவ பொறுப்பாளா? மஞ்சத்தண்ணி தெளிச்சு, அது காலுல மஞ்சக் கயித்தைக் கட்டி, கோயிலு இருக்குற தெசையைப் பாத்து நின்னு, "கருப்பா, எம்மகன் எப்படியாவது வீடு வந்து சேந்துரணும், அவன் வந்து சேந்த அன்னைக்கு இந்த உசுரு உனக்கு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. கும்பிட்டு மூணு மாசம் கூட ஆகல, அந்தச் சேவல் பெட்டையாகிப் போச்சு. ஆகிப் போச்சு என்ன, அது எப்பவும் பெட்டைதான், இவ கண்ணுக்குத்தான் சேவலாத் தெரிஞ்சிருக்கு.

பூசாரி வெள்ளைச்சாமிகிட்டப் போயி, வேற நல்ல சேவலா வாங்கி மாத்திக் குடுத்துரவான்னு கேட்டா.

"நேந்தது நேந்ததுதான் தாயி. பெட்டையானாலும் அது கருப்பனோடது. காரியம் நடக்குற வரைக்கும் வச்சுக் காப்பாத்த வேண்டியது உன் பொறுப்பு"ன்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம், பூசாரிக்கும் என் வாயிதான். "காரியம் நடக்குறதுக்குள்ள நேந்த உசுரு தானாச் செத்துச்சுன்னா, சாமி அந்தக் காரியத்தைக் கைவிட்டுருச்சுன்னு அர்த்தம்"னு சேத்துச் சொன்னாரு.

அந்த ஒரு சொல்லு போதாதா. அன்னையில இருந்து அந்தக் கோழி உசுரும் பூமி உசுரும் மதினிக்கு ஒண்ணாப் போச்சு. கோழி தும்முனா இவளுக்குக் குலை நடுங்கும். நாயி, கீரி, கழுகு எதுவும் அண்டவிட மாட்டா. ஊரெல்லாம் கோழிச்சீக்கு வந்து கொத்துக் கொத்தாச் செத்துச்சு, இவ சின்ன வெங்காயத்தையும் மஞ்சளையும் வேப்பங்கொழுந்தையும் அரைச்சு உருட்டி உருட்டி ஊட்டி, தன் கோழியை மட்டும் கரையேத்திட்டா. கரிமூட்டத்துக்குப் போனாலும் கூடையில வச்சு இடுப்புல தூக்கிட்டுத்தான் போவா. சாமிக்கோழியை யாரும் கைநீட்டி அடிக்கக் கூடாதுங்கிறதால அது அரசாங்க வண்டி மாதிரி எல்லா வீட்டுக்குள்ளயும் போகும், வரும். நான் காயவச்ச நெல்லை எத்தனை தடவை காலால பரசி எறைச்சிருக்கு தெரியுமா? "உன் கோழி நாசமாப் போக"ன்னு வாயி வரைக்கும் வரும், முழுங்கிக்குவேன். எப்படிச் சொல்ல முடியும், சொன்னா யாரு நாசமாப் போறதுன்னு தெரியும்ல.

கோழின்னா ரெண்டு மூணு வருசம் நல்லாப் போடும், பெறகு விட்டு விட்டுப் போடும், போடப் போட முட்டை பெருசாகும், ஓடு மெலியும், ஒரு நாள் போதும்னு நின்னுரும். நின்ன கோழியை யாரு வச்சுக்குவா? சாமிக்கோழி நின்னு போயும் இருந்துச்சு. எந்தக் கோழியும் இருக்காத காலம் இருந்துச்சு. எங்க வீட்ல நான் புதுசா வாங்கின கோழிக அதுக்குப் பேத்திக்குப் பேத்தி வயசுல இருந்துச்சுக. வெயில்ல காலை நீட்டிச் சாய்ஞ்சு படுத்து, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால தெருவைப் பாத்துக்கிட்டே கெடக்கும். மதினியும் அது பக்கத்துல உக்காந்து தெருவைப் பாத்துக்கிட்டுக் கெடப்பா. ரெண்டும் எதைப் பாக்குதுகன்னு ஊருக்கே தெரியும், யாரும் கேட்டுக்கிட மாட்டோம்.

இப்படி இருக்கையிலதான் அது கொக்கரிச்சுச்சு.

மதினி அந்த முட்டையைக் கொண்டாந்து காட்டினா. வாத்து முட்டை பெருசு, வெங்காயச் சருகு மாதிரி மெலிசு ஓடு. "சாமி குடுத்தது, ஆளுக்குப் பாதி தின்போம்டி"ன்னு எங்க வீட்டு அடுப்புல சட்டியை வச்சு ஒடைச்சு ஊத்தினா. மஞ்சக்கருவும் இல்ல வெள்ளைக்கருவும் இல்ல, தெளிஞ்ச தண்ணி. சட்டி சூட்டுல பொங்கிச் சீறி, ஒரு வாடை வீடெல்லாம் நெறைஞ்சு, எங்க வீட்டுப் பூனை எங்கிருந்தோ ஓடியாந்து அடுப்படியில உக்காந்துக்கிருச்சு. நான் வெரலை விட்டு நக்கிப் பாத்தேன், ஒரே உப்பு. ரெண்டாம் நாளும் அதேதான். அன்னைக்குத் தொண்டியில இருந்து மொபெட்டுல மீனு கொண்டு வர்ற ரெஜினா வந்தா. அவ கையில முட்டையை ஒடைச்சு ஊத்திட்டு, இது என்னன்னு சொல்லுடின்னு கேட்டேன்.

வாயில வச்சவ யோசிக்கவே இல்ல. "இது கடத்தண்ணில்லக்கா? சின்னப்புள்ளையில இருந்து குடிச்சு முழுங்கினவ, எனக்குத் தெரியாதா. ஆனா எங்க கரைத் தண்ணியை விட உப்புக் கூட இருக்கு. எந்தக் கடல்ல மோந்தீங்க?"ன்னா. சொல்லிட்டு எம்மொகத்தைப் பாத்தா, மதினி மொகத்தைப் பாத்தா, பூமி கதை அவளுக்கும் தெரியும், அப்படியே மீன்கூடையை மூடிட்டு நின்னா.

நான் தரையைப் பாத்தேன். ஆனா மதினி சிரிச்சா. எத்தனையோ வருசம் கழிச்சுப் பல்லுத் தெரியச் சிரிச்சா. "பாத்தியா வள்ளி, எம்புள்ள கடல்லதான் இருக்கான், வேலையிலதான் இருக்கான். போன் எடுக்காத எடம் போல இருக்கு. கருப்பன் கண்டுபிடிச்சுட்டான்டி, இதுதான் அவன் சொல்லிவிட்ட சேதி, தாக்கல்"னா. என் நீள வாயி அன்னைக்கு எங்க போச்சோ தெரியல. "ஆமா மதினி"ன்னேன்.

ஒரு கோழி முட்டைக்குள்ள கடல் இருக்குன்னா மத்த ஊர்ல என்ன பண்ணுவாங்களோ, எங்க ஊர்ல ரெண்டு நாளு வாயைப் பொளந்தோம், மூணாம் நாளு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டோம். கரிமூட்டம் அணைஞ்சு போகும்ல. ஆனா ஆடி பெறந்ததும் சன்னாசி மாமா கம்பை ஊண்டிக்கிட்டு மதினி வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. அவரு பொண்டாட்டி செத்ததுல இருந்து அமாவாசைக்கு அமாவாசை கடலுக்குப் போறவரு, அந்த வருசம் முட்டி வீங்கிப் படுத்துட்டாரு.

"ஆத்தா இருளாயி, வேன்ல ஏற முடியல. ஒரு முட்டை குடுத்தியன்னா தலையில தெளிச்சுக்கிட்டு எள்ளு எறைச்சிருவேன். அவ கோவிச்சுக்கிற மாட்டா."

"தாரேன் மாமா. எனக்கு ஒண்ணும் வேண்டாம். எம்மகன் வந்துருவான்னு உன் வாயால ஒரு வாக்குச் சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போ."

மாமா மதினியைப் பாத்தாரு, கையில இருந்த முட்டையைப் பாத்தாரு. "வந்துருவான்த்தா"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

அவ்வளவுதான், வழி தெறந்துருச்சு. அந்த அமாவாசைக்குப் பாதி ஊரு கடலுக்குப் போகல. தை அமாவாசைக்கு முழு ஊரும் போகல. செத்த நாளு, திதி, பதினாறாம் நாளு எல்லாத்துக்கும் மதினி வாசல்ல வந்து நின்னாங்க. முட்டை ஓட்டை எந்தக் கையால ஒடைக்கணும், தண்ணியைத் தலையில தெளிக்கணுமா காலுல ஊத்தணுமா, மிச்சத் தண்ணியைச் சாமி படத்துக்கிட்ட வைக்கலாமான்னு சண்டை வந்து, பூசாரி கோயில் வாசல்ல கூட்டம் போட்டு, முட்டைக்குள்ள இருந்தாலும் கடல் கடல்தான், சோத்துக்கையால ஒடைக்கணும், ஒரு வீட்டுக்கு ஒரு முட்டைதான்னு தீத்து வச்சாரு. காக்கா குருவியெல்லாம் எங்க ஊருக்கே வந்து குடியேறிருச்சு, அம்புட்டுப் பிண்டம். வேன் ஓட்டுற தவமணி வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டான், ஒரு கெழட்டுக் கோழி எம்பொழப்புல மண்ணைப் போட்டுருச்சேன்னு டீக்கடையில நின்னு கத்தினான். அப்புறம் அவன் அப்பா திதிக்கு அவனும் கையைக் கட்டிக்கிட்டு வந்து நின்னான். "பூமி வந்துருவான் பெரியம்மா, நான்தான் என் வேன்ல போயிக் கூட்டிட்டு வருவேன்"னு எல்லாரையும் விட ஒரு பங்கு கூடவே சொல்லிட்டு வாங்கிட்டுப் போனான்.

எனக்குப் பத்திக்கிட்டு வரும். பூமி முழுகிப் போன தண்ணியிலயே அவங்கவங்க வீட்டுச் செத்தவங்களைக் கரையேத்திக்கிட்டு, அதுக்குக் கூலியா அவன் சாகலன்னு அவளுக்கு ஒரு பொய்யும் சொல்லிட்டுப் போறாங்களேன்னு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பல்லைக் கடிப்பேன். ஆனா என் வீட்டுக்காரரு திதி வந்தப்ப நானும் போயி நின்னேன், நானும் சொன்னேன். சொல்லும்போது மதினி மொகம் மலரும் பாருங்க, மழை கண்ட மண்ணு மாதிரி, அதைப் பாத்துட்டா மாத்திச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும். ஊரு பூரா வந்து வந்து சொல்லிச் சொல்லி, அவ வீட்டுக்கு வெள்ளையடிச்சு, பூமிக்குப் புதுப் பாயும் தலகாணியும் வாங்கி வச்சுட்டா.

கோழி தாங்குமா? அந்த வயசுல நித்தம் ஒரு கடலைப் பெத்துப் போட அதுக்குத் தெம்பு ஏது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கிட்டு நின்னுச்சு. மதினி கம்பும் கேழ்வரகும் ஊறவச்சுப் போட்டா, ஓடு கெட்டிப்படட்டும்னு ரெஜினாகிட்டச் சொல்லிக் கிளிஞ்சல் கொண்டாரச் சொல்லி இடிச்சுப் போட்டா. ஓடு கெட்டிப்படல. நாளாக நாளாக முட்டை இன்னும் பெருசாச்சு, இன்னும் மெலிசாச்சு. வாங்கிட்டுப் போறவங்க கைக்கொழந்தையைத் தாங்குற மாதிரி ரெண்டு கையிலயும் தாங்கிட்டுப் போவாங்க.

போன பங்குனியில ஒரு நாளு மத்தியானம், "வள்ளி, ஓடியாடி"ன்னு மதினி கத்துன கத்துல நான் வேலியைத் தாண்டிக் குதிச்சேன். கோழி கூடைக்குள்ள பென்குயின் கணக்கா நிமிர்ந்து நின்னு, றெக்கையைத் தொங்கப் போட்டு, வாயைத் தெறந்து மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு. முட்டை அடைச்சுக்கிருச்சு. காலையில இருந்து முக்குதாம். மதினி கூடையைச் சுத்திச் சுத்தி வந்தா. "செத்துறப் போகுதுடி, இது செத்துச்சுன்னா எம்புள்ளடி, எம்புள்ளடி"ன்னு அதையே சொன்னா. "மொதல்ல வாயை மூடிட்டு வெந்நி வையி"ன்னு அதட்டினேன். வெதுவெதுன்னு தண்ணியில கோழியை இடுப்பு முழுக உக்காரவச்சு, வெரல்ல வெளக்கெண்ணெய் தொட்டு உள்ள தடவி, வயித்தை மெதுவா நீவிவிட்டேன். ரெண்டு பேரும் வேர்த்து வழிஞ்சோம். பிரசவம் பாக்குறதுக்குக் கொறைச்சல் இல்ல. பொழுது சாயுறதுக்குள்ள கோழி ஒரு சத்தம் போட்டுச்சு, முட்டை மதினி உள்ளங்கையில வந்து விழுந்துச்சு.

ஓடே இல்ல. தோல்முட்டை. வெறும் சவ்வுக்குள்ள தண்ணி தளும்பிக்கிட்டு, சூடா, அவ கையில கெடந்து ஆடுச்சு. அவ அதைக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பாத்தா. அப்புறம் மூக்குக்கிட்டக் கொண்டு போனா. அங்கேயே நின்னுட்டா.

"என்ன மதினி?"

"வெயில்ல வெளையாண்டுட்டு வந்து எம்மடியில தலையை வச்சுப் படுப்பான்ல வள்ளி."

"ஆமா."

"அந்தத் தலை வாசம்டி இது."

நானும் மோந்து பாத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உப்பு வாடைதான் அடிச்சுச்சு. ஆனா பெத்தவ மூக்கோட நான் போட்டி போட முடியுமா. அவ பாத்துக்கிட்டு இருக்கையிலயே சவ்வு விட்டுப் போயி, தண்ணி அவ முழங்கை வரைக்கும் வழிஞ்சு ஓடுச்சு. அவ துடைக்கல. கையை நீட்டினபடியே வெயில்ல நின்னா. பங்குனி வெயிலுக்கு அது எந்நேரம் தாங்கும், காஞ்சு, கையெல்லாம் வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து நின்னுச்சு.

"இது கடல் இல்லடி"ன்னா. "தாக்கலும் இல்ல. இது அவன்டி. நான் வீட்டுக்குக் கொண்டாந்து சேருன்னு கேட்டேன், கருப்பன் கொண்டாந்துட்டான். அந்தக் கோழியால எம்புட்டுச் சொமக்க முடியுமோ அம்புட்டு அம்புட்டாக் கொண்டாந்து என் வீட்லதான்டி போட்டிருக்கு. நான்தான் அவனை ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்துட்டேன்."

அழுவா, மாரடிப்பான்னு பாத்தேன். அவ அழல. நான்தான் அந்தக் கூடை பக்கத்துல உக்காந்து ஓன்னு அழுதேன். அவ உள்ள போயி ஒரு வெண்கலச் சொம்பை எடுத்துக்கிட்டுத் தெருவுல எறங்கிட்டா.

மொத வீட்டு வாசல்ல நின்னா. "எம்மகன் ஒங்க வீட்ல இருக்கானா? இருந்தாக் குடுங்க"ன்னா. எதிர்த்து ஒரு சொல்லு யாரும் சொல்லல. எல்லாருக்கும் முன்னமே தெரிஞ்ச சேதிதானே, அவ வாயில இருந்து வரட்டும்னுதானே இத்தனை நாளு காத்துக்கெடந்தோம். சாமி படத்துக்கிட்ட வச்ச கிண்ணத்துல தண்ணி வத்தி அடியில உப்பு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதைக் கரண்டிக் காம்பால சொரண்டிக் குடுத்தாங்க. சில வீட்ல ஒரு சிட்டிகை. சில வீட்ல அதுகூட இல்ல, பாத்திரத்தைக் கழுவி வச்சிருந்தாங்க, அவங்க வாசல்ல நின்னு மண்டையில அடிச்சுக்கிட்டு அழுதாங்க. சன்னாசி மாமா எல்லாத்தையும் தலையில தெளிச்சுட்டவரு, தெளிச்சுத் துடைச்ச துண்டைத் தொவைக்காம வச்சிருந்தாரு, அதைக் கொண்டாந்து நீட்டினாரு, மதினி அதைச் சொம்புக்கு மேல பிடிச்சு உதறி வாங்கிக்கிட்டா. தவமணி அப்பா படத்துக் கண்ணாடியில தெறிச்சுக் காஞ்சதை நகத்தால நோண்டிக் குடுத்தான். தெருக்கோடியில இருக்குற பஞ்சு, மிச்சத் தண்ணியை வீணாக்க வேணாம்னு மாங்கா ஊறுகா போட்டவ, சாடியோட தூக்கிட்டு வந்து வச்சா. மதினி மூடியைத் தெறந்து பாத்தா. "இது இங்கேயே இருக்கட்டும்த்தா. அவனுக்கு மாங்கான்னா உசுரு"ன்னு மூடிக் குடுத்துட்டா.

ஊரு பூராச் சுத்தி வந்து பாத்தா சொம்புல ஒரு கைப்பிடி உப்பு இருந்துச்சு. தன் கையில பூத்ததையும் சொரண்டி அதுல போட்டுக்கிட்டா.

மறுநாள் காலையில கோழியை இடுப்புல வச்சுக்கிட்டுக் கருப்பர் கோயிலுக்கு வந்தா. ஊரும் வந்துச்சு. எங்க கோயில்ல ஒரு மொறை உண்டு, நேந்தவ வாயால காரியம் நடந்துச்சுன்னு சபையில சொல்லணும், அப்புறம்தான் அரிவாளைத் தொடுவாங்க. மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கோழி ஒடம்பை உதறினா சாமி வாங்கிக்கிட்டதுன்னு கணக்கு. பூசாரி தண்ணியைத் தெளிச்சாரு. கோழி கழுத்தைத் தொங்கப் போட்டு நின்னுச்சு, ஒரு மயிருகூட அசையல. பூசாரிக்குக் கேக்க வாயி வரல. கேக்காம விட முடியுமா.

"என்ன வேண்டி நேந்த தாயி?"

"எம்மகன் பூமிநாதன் வீடு வந்து சேரணும்னு நேந்தேன்."

"வேண்டுனது நடந்துச்சா?"

மதினி சொம்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. ஊரு அவ வாயைப் பாத்து நின்னுச்சு. எங்கள்ல யாராவது ஒருத்தர் வாயில இருந்து, இன்னும் இல்ல, இனிமே வருவான்னு ஒரு சொல்லு வந்துச்சுன்னா அவ அதைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிருப்பா, கோழியும் இன்னும் நாலு நாளு கெடந்திருக்கும். யாரும் சொல்லல. நானும் சொல்லல.

"வந்துட்டான்"னா.

கோழி தலையில இருந்து வாலு வரைக்கும் ஒரு உதறு உதறுச்சு. பூசாரி ஒரே வீச்சுல முடிச்சுட்டாரு. அப்பத்தான் மதினி அழுதா. எத்தனை வருசத்து அழுகையோ, அந்தக் கரையில உக்காந்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, எங்க ஊரு பொம்பளைக அம்புட்டுப் பேரும் சேந்து பிடிச்சும் அடங்காத அழுகை அழுதா. ஓரமா மொபெட்டை நிறுத்திட்டு நின்ன ரெஜினா மீன்கூடையைக் கீழ வச்சுட்டு வந்து அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

சுடுகாட்டுல அவ புருசனைப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துல எடம் பாத்தோம். கரிமூட்டத்துல வேலை பாக்குற சோலைராசுவும் இன்னும் ரெண்டு பேரும் மண்வெட்டி கடப்பாரையோட முன்னாலேயே போயி, ஒரு சொம்பு எறங்குற அளவுக்கு முழங்கை ஆழத்துல வட்டமா ஒரு குழி வெட்டிச் சுத்தம் பண்ணி வச்சிருந்தாங்க. மதினி வந்து எட்டிப் பாத்தா.

"என்னடா இது?"

"இம்புட்டுத்தானே பெரியம்மா இருக்கு"ன்னு சோலைராசு தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னான். "இதுக்கு இது பத்தும்ல."

"எம்புள்ளையை மடக்கியாடா வைக்கப் போறீங்க?"ன்னா மதினி. "அந்தப் போட்டுல காலை நீட்டிப் படுக்க எடம் இல்ல ஆத்தா, சுருண்டுதான் படுக்குறோம்னு போன்ல சொல்லுவான்டா. அவன் அப்பனை விட ஒரு சாண் உசரம் அவன். தலையில இருந்து காலு வரைக்கும் தூவி விடணும். ஆளு நீளத்துக்கு வெட்டுடா ராசு."

சோலைராசு மேல்துண்டை எடுத்துத் தலையில இறுக்கிக் கட்டிக்கிட்டு, திரும்பக் குழிக்குள்ள எறங்கி, கால்மாட்டுப் பக்கமா நீளமா வெட்ட ஆரம்பிச்சான்.